ஒரு நூல் அகலச் சாலை

இந்தக் கதையை நான் நேரில் பார்க்கவில்லை. என்னோடு ஒரே கம்பெனிப் பேருந்தில் வரும் மெர்லின் சொன்னது. அவளும் பாதியைத்தான் பார்த்தாள். மீதி அவள் அம்மா எஸ்தர் சொல்லிக் கேட்டது. ஆகவே என்னிடம் வருவதற்குள் இது இரண்டு வாய் மாறியிருக்கிறது. மெர்லின் பொய் சொல்கிற ஆள் இல்லை. ஆனால் சொல்லும்போது நிறுத்தி நிறுத்திச் சிரித்தாள் என்பதையும் குறித்துவைக்கிறேன்.

எருக்கம்பாக்கம் ஒரு புறநகர். அங்கே முல்லை நகர் என்று நான்கு தெருக்கள். மேற்கே பேருந்து ஓடும் பிரதான சாலை. நடுவில் ஒரு மைதானம். மைதானத்தின் வடக்கு ஓரத்தில் குடியிருப்போர் நலச் சங்கத்தின் கட்டடம். கிழக்குக் கோடியில் எஸ்தரின் வீடு. இரண்டே அறைகள். கூரைக்குக் கான்கிரீட் போட்டு ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அதுவரை மழைக்காலத்தில் அம்மாவும் பெண்ணும் ஒழுகுகிற இடங்களில் பாத்திரங்களை வைத்துவிட்டு மிச்ச இடத்தில் தூங்கினார்கள்.

இந்த நிலையில் நகரமைப்பு அலுவலகம் எருக்கம்பாக்கத்துக்கு ஒரு வரைவுத் திட்டம் போட்டது. எங்கே வீடு, எங்கே கடை, எங்கே பூங்கா, எங்கே சாலை என்று பெரிய வரைபடம் தயாரித்து அலுவலகச் சுவரில் மாட்டினார்கள். அறுபது நாளுக்குள் பொதுமக்கள் ஆட்சேபணையோ ஆலோசனையோ தரலாம் என்று அறிவிப்பும் ஒட்டினார்கள்.

எஸ்தர் தையல் கம்பெனியில் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டுப் போய்ப் பார்த்தார். பிரதான சாலையிலிருந்து ஓர் அறுபது அடிச் சாலை கிளம்பி, மைதானத்தின் குறுக்கே நேராக வந்து, அவர் வீட்டின் சர்வே எண் மேலேயே ஏறிப் போனது. அவர் முகத்தைப் பார்த்த கிளார்க், தனியாகத் தருவதைவிடச் சங்கத்தின் மூலமாக மனு கொடுத்தால் எடுபடும் என்று சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அவருக்கு முல்லை நகர் சங்கத்தைத் தெரியாது.

சங்கம் என்றால் நான்கு பேர். தலைவர் தில்லைநாயகம் மின்வாரியத்தில் முப்பத்தோரு வருடம் மீட்டர் ரீடிங் எடுத்தவர். மீட்டரில் இருப்பதை எழுத வேண்டும், ஏன் அப்படி இருக்கிறது என்று யோசிக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. செயலாளர் சுகுமாறன் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தியவர். பார்த்து அடிக்கும் தாளில் தப்பு இருந்தால் அந்தத் தப்பையும் தப்பில்லாமல் அடிப்பார். வேதவல்லி டீச்சர் மூன்றாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவர். நான்காமவர் பிச்சாண்டி, சுற்றுவட்டாரப் பள்ளிகளில் விளையாட்டு விழா வந்தால் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுகிறவர். நான்கு பேரும் நல்லவர்கள். இதை மெர்லின் இரண்டு தடவை சொன்னாள்.

எஸ்தர் விஷயத்தைச் சொன்னதும் அன்று மாலையே சங்கம் கூடியது. சுகுமாறன் அறிவிப்பை வாசித்தார். வரைபடத்தைக் காலை பத்து மணி முதல் மாலை ஐந்தே முக்கால் வரை பார்வையிடலாம் என்று அதில் இருந்தது.

"ஏழே முக்கால் மணி நேரம்," என்றார் டீச்சர். "நின்னுகிட்டுப் பாக்கணுமா, உக்காந்து பாக்கணுமா?"

"அது போடல."

"போடாததை நாமளா செய்ய வேணாம்," என்றார் தலைவர். நிற்கவும் வேண்டாம், உட்காரவும் வேண்டாம், சாய்ந்துகொண்டு பார்ப்பது என்று முடிவாயிற்று.

மறுநாள் சரியாகப் பத்து மணிக்கு நான்கு பேரும் வரைபடத்துக்கு எதிர்ச் சுவரில் சாய்ந்தார்கள். இரண்டு பேர் பார்க்க, இரண்டு பேர் கண்ணுக்கு ஓய்வு கொடுத்தார்கள். பதினொன்று இருபதுக்குப் பிச்சாண்டி தும்மினார். தும்மும்போது கண் மூடிவிட்டது என்று தலைவர் குறித்துக்கொண்டு, அவருடைய முறை முடிந்த பிறகு இன்னும் ஒரு தும்மல் நேரம் கூடுதலாகப் பார்க்கச் சொன்னார்.

ஒரு மணிக்குக் கிளார்க் வந்து, சாப்பாட்டு நேரம், கதவைப் பூட்ட வேண்டும், இரண்டு மணிக்கு வந்து மறுபடி பாருங்கள் என்றார்.

"நீங்க ஒட்டியிருக்கிறதுல சாப்பாடு வரலியே தம்பி," என்றார் தலைவர்.

கிளார்க் அவர்களை உள்ளே வைத்தே பூட்டிக்கொண்டு போனார். நான்கு பேரும் வரைபடத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் எலுமிச்சை சாதம் சாப்பிட்டார்கள். சுகுமாறன் ஊறுகாய் என்று நினைத்துத் தலைவரின் விரலைத் தொட்டுக்கொண்டார். தலைவரும் கண்ணை எடுக்கவில்லை.

மூன்றரை மணிக்குத்தான் வேதவல்லி டீச்சர் அதைக் கண்டுபிடித்தார். வரைபடத்துக்குப் பக்கத்தில் போய், எஸ்தர் வீட்டின் மேல் போகும் கோட்டை உற்றுப் பார்த்தார். பிறகு தலையில் வைத்திருந்த மல்லிகைச் சரத்திலிருந்து கொஞ்சம் நூலை உருவி, கோட்டின் மேல் வைத்தார். கோடு முழுவதும் நூலுக்கு அடியில் மறைந்துவிட்டது.

"அறுபது அடின்னு எழுதியிருக்கு. இது எங்க அறுபது அடி? ஒரு நூலு கூட முழுசா இல்ல."

மற்ற மூவரும் வந்து பார்த்தார்கள். பிச்சாண்டி கையை விரித்துப் படத்தை அளந்தார். "படமே ரெண்டரை அடிதான் டீச்சர். அதுல அறுபது அடி எப்பிடி அடங்கும்?"

"யாரோ தப்பா எழுதிட்டாங்க," என்றார் சுகுமாறன் வருத்தத்தோடு.

"எழுதினதை விடு. மீட்டர் என்ன காட்டுதோ அதுதான் கணக்கு," என்றார் தலைவர். "ஒரு நூல்னு போட்டுக்க."

ஐந்து நாற்பதுக்குக் கிளார்க் சாவியை ஆட்டிக்கொண்டு வந்து நின்றார். இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அந்த ஐந்து நிமிடத்தையும் பார்த்து முடித்துத்தான் கிளம்பினார்கள்.

அன்று சாயங்காலமே எஸ்தர் வீட்டுக்குப் போனார்கள். எஸ்தர் அப்போதுதான் கம்பெனியிலிருந்து வந்திருந்தார்.

"எஸ்தரம்மா, நல்ல சேதி," என்றார் தலைவர். "ரோடு உங்க வீட்டு வழியாத்தான் போகுது. ஆனா ஒரு நூல்தான்."

எஸ்தருக்குப் புரியவில்லை. டீச்சர் நூலை எடுத்துக் காட்டி, வாசற்படியிலிருந்து அடுப்படி வரைக்கும் தரையில் நீட்டி வைத்தார். மெர்லின் அதைத் தாண்டித் தண்ணீர் எடுத்துவந்தாள்.

"பாருங்க, பொண்ணு தாண்டிட்டா இல்ல?" என்றார் தலைவர். " கட்டிலை மட்டும் கொஞ்சம் நகத்திப் போட்டுக்குங்க. வேற ஒரு சேதாரமும் இல்ல."

"சார், அதுல பஸ்ஸு போகும் சார்."

"நூல் மேல பஸ்ஸு எப்படிம்மா போகும்?" தலைவர் இதை அன்பாகத்தான் கேட்டார்.

எஸ்தர் பதில் சொல்ல வாயெடுத்தார். பிறகு அந்த நான்கு முகங்களையும் பார்த்தார். "ஒரு நூலோ ஒம்போது நூலோ, என் வீட்டு மேல ரோடு வேணாம்னு எழுதிக் குடுத்துடுங்க சார். அது போதும்."

"அதுக்குத்தானே சங்கம் இருக்கு," என்றார் தலைவர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மனு எழுதக் கூடினார்கள். படிவத்தின் மேல் இரண்டு நிபந்தனைகள் இருந்தன. ஒரு படிவத்தில் ஓர் ஆட்சேபணை மட்டுமே எழுத வேண்டும். சங்கம் ஒன்றுக்கு ஒரு படிவம். ஆனால் சங்கத்திடம் இப்போது இரண்டு ஆட்சேபணைகள் இருந்தன. ஒன்று, எஸ்தர் வீட்டின் மேல் சாலை வரக் கூடாது. மற்றது, நூல் அகலத்தில் சாலை போட்டால் அதில் யார் நடப்பது.

வெகுநேரம் பேசினார்கள். எஸ்தர் வீடுதான் முக்கியம் என்று பிச்சாண்டி சொன்னார். டீச்சர்தான் முடிச்சை அவிழ்த்தார்.

"நூல் அகலத்துல இருக்கிறதுக்குப் பேரு ரோடே இல்ல. ரோடே இல்லாதப்ப அந்த ரோடு வேணாம்னு எப்படி எழுதுறது? சிரிப்பாங்க. முதல்ல அதை ஒழுங்கான ரோடா ஆக்கணும். அப்பறம் வேணாம்னு சொல்லணும். எதுக்கும் ஒரு முறை இருக்கு."

மூவரும் தலையாட்டினார்கள். மேற்படி சாலை மிகவும் குறுகலாக உள்ளபடியால் பொதுமக்கள் நடக்கவும் இயலாத நிலை ஏற்படும் என்றும், ஆகவே தயவுகூர்ந்து நன்றாக அகலப்படுத்தித் தருமாறும் சுகுமாறன் அழகாக அடித்தார். இரண்டு பிரதிகள் கேட்டிருந்தார்கள். முதல் பிரதியின் ஓரத்தில் டீ கிளாஸின் வட்டம் விழுந்துவிட்டது. பிரதி என்றால் அச்சாக அப்படியே இருக்க வேண்டும் என்பதால், இரண்டாவது தாளிலும் அதே இடத்தில் வட்டம் வைக்க அதே கடையிலிருந்து இன்னொரு டீ வாங்கிவரப்பட்டது. முதல் மூன்று முயற்சியிலும் வட்டம் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. ஆளுக்கொரு டீ கிடைத்தது.

மனுவைக் கொடுத்துவிட்டு வந்து எஸ்தரிடம் நடந்ததைச் சொன்னார்கள்.

"என் வீடு?" என்றார் எஸ்தர்.

"அடுத்த திட்டத்துல," என்றார் தலைவர். "இருபது வருஷம் கழிச்சு வருதாம். அதுல முதல் ஆட்சேபணை உங்களோடதுதான். இப்பவே எழுதி வச்சாச்சு."

மறுநாள் மெர்லினே ஒரு மனு எழுதினாள். எஸ்தர் மறுபடியும் அரை நாள் விடுப்பு போட்டு அதை எடுத்துக்கொண்டு ஓடினார். அதே சாலை பற்றிச் சங்கத்தின் மனு ஏற்கெனவே பதிவாகிவிட்டது, இனி தனி மனு வாங்க முடியாது, சர்வேயர் இடத்தைப் பார்க்க வருவார், அப்போது நேரில் சொல்லிக்கொள்ளுங்கள் என்று கிளார்க் சொல்லிவிட்டார். ஆக, எஸ்தருக்கு மிச்சம் இருந்தது அந்த ஒரு நாள்தான்.

சர்வேயர் வருகிற தேதி கடிதமாகச் சங்கத்துக்கு வந்தது. சாலையின் போக்கைத் தரையில் தெளிவாக அடையாளமிட்டு வைக்க வேண்டும். ஆய்வின்போது தளத்தில் காணப்படும் நிலையே பதிவு செய்யப்படும். இந்த இரண்டு வரியை சுகுமாறன் வாசித்து முடித்ததும் எல்லோரும் பிச்சாண்டியைப் பார்த்தார்கள். இருபத்தாறு வருடத்தில் சங்கத்துக்கு அவர் வேலை தேவைப்பட்டது அன்றைக்குத்தான்.

எவ்வளவு அகலம் என்று பேச்சு வந்தது. நூல் அகலத்துக்குக் கோடு போட்டால் சர்வேயர் கண்ணுக்குத் தெரியாது. படத்தில் தப்பாக எழுதியிருந்தாலும் அறுபது அடியே இருக்கட்டும் என்றார் தலைவர். பிச்சாண்டிக்குத் தெரிந்தது ஆறு லேன் ஓட்டப் பாதை. லேனுக்குப் பத்தடி வைத்தால் சரியாக வருகிறது என்று டீச்சர் கணக்குப் போட்டுச் சொன்னார்.

ஆய்வு நாளன்று காலை ஆறு மணிக்குப் பிச்சாண்டி பிரதான சாலை ஓரத்தில் கயிறு கட்டி, சுண்ணாம்பு டின்னைச் சாய்த்தார். ஒன்று முதல் ஆறு வரை எண் போட்டார். பிறகு கோடுகளை இழுத்துக்கொண்டு மைதானத்தின் குறுக்கே கிழக்கே வந்தார். அவர் கோடு போட்டால் அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கும். எஸ்தர் கையில் மனுவோடு தன் வாசலில் நின்று, ஏழு வெள்ளைக் கோடுகள் தன்னை நோக்கி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு நாற்பது தப்படி இருக்கும்போது பிச்சாண்டி நின்றார். நிமிர்ந்து முதுகைப் பிடித்துக்கொண்டார். பிறகு அழகாக வளைத்து இடது பக்கம் திரும்பினார்.

தலைவர் ஓடிவந்தார். "பிச்சாண்டி, நேராப் போகணும்ப்பா. படத்துல நேராத்தான் இருக்கு."

"ட்ராக்கு எங்க தலைவரே நேராப் போகும்? எத்தினி ஸ்கூலுக்குப் போட்டிருக்கேன். இடது கைப் பக்கமா வளைஞ்சு, கிளம்பின எடத்துக்கே வந்து சேரணும். இல்லன்னா ஓடுறவன் எங்க போய் நிப்பான்?"

தலைவர் யோசித்தார். டீச்சரைப் பார்த்தார். ஓடுகிறவன் நிற்க ஓர் இடம் வேண்டியதுதான் என்றார் டீச்சர். பிச்சாண்டி மேலே நடந்தார்.

திரும்பி வரும் வழியில் சங்கக் கட்டடம் குறுக்கே நின்றது. பிச்சாண்டி தயங்கினார். சங்கத்துக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயம் கிடையாது என்று தலைவர் கதவைத் திறந்துவிட்டார். மூன்றாவது லேனும் நான்காவது லேனும் முன்வாசல் வழியாக உள்ளே போய், கேரம் போர்டுக்கு அடியில் நுழைந்து, பின்பக்க ஜன்னல் வழியாக வெளியே வந்தன. ஒன்பது மணிக்கு, எருக்கம்பாக்கம் பிரதான சாலையில் கிளம்பி எருக்கம்பாக்கம் பிரதான சாலைக்கே வந்து சேரும் ஆறு லேன் பாதை தயாராகிவிட்டது.

பாதை என்று ஒன்றைப் பார்த்தால் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? சர்க்கரை வியாதிக்காக நடக்கிற இரண்டு பேர் இரண்டாவது லேனில் சுற்ற ஆரம்பித்தார்கள். கீரை வண்டிக்காரர் முதல் லேனைப் பிடித்துக்கொண்டார். ஒரு ஷேர் ஆட்டோ ஐந்தாவதில் நுழைந்து, முழுச் சுற்று சுற்றி, ஏறிய இடத்திலேயே எல்லோரையும் இறக்கிவிட்டது. ஒருவரும் சண்டை போடவில்லை. வழி நன்றாக இருந்தது என்றார்கள்.

பதினொரு மணிக்கு சர்வேயர் வந்தார். இளம் பெண். கருவியை முக்காலியில் நிறுத்திவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்கு அவர் இன்னும் நான்கு இடம் பார்க்க வேண்டியிருந்தது.

"இது என்ன சார்?"

"ரோடு மேடம். அறுபது அடி," என்றார் தலைவர்.

"ஏற்கெனவே புழக்கத்துல இருக்கா?"

தலைவர் எது உண்மையோ அதைத்தான் சொல்வார். திரும்பிப் பார்த்தார். நடக்கிறவர்கள் நடந்துகொண்டிருந்தார்கள். ஆட்டோ இரண்டாவது சவாரிக்கு வந்திருந்தது. "இருக்கு மேடம்."

சர்வேயர் கோட்டின் மேலேயே நடந்து, ஒவ்வொரு வளைவிலும் கருவியை வைத்து அளந்தார். சங்கக் கட்டடத்தின் முன் வந்ததும் நின்றார். "கட்டடம் நடுவுல வருதே. உங்களுக்கு இதுல ஆட்சேபணை ஒண்ணும் இல்லையா?"

"ஆட்சேபணையை எழுத்துலதான் தரணும்னு போட்டிருக்கீங்க மேடம். அதுவும் சங்கத்துக்கு ஒண்ணுதான். எங்களோடது தீந்துபோச்சு. வாயால சொன்னா தப்பாயிடும்."

நேரில் ஆட்சேபணை எதுவும் தெரிவிக்கப்படவில்லை என்று சர்வேயர் எழுதிக்கொண்டார். பிறகு, கையில் தாளோடு தள்ளி நின்ற எஸ்தரைப் பார்த்து, நீங்கள் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்.

எஸ்தர் இந்த ஒரு வாய்ப்புக்காக மூன்றாவது தடவையாக விடுப்பு சொல்லிவிட்டு வந்திருந்தார். சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்து வைத்திருந்தார். வாயைத் திறந்தார். கண் தானாகவே கீழே போனது. வெள்ளைக் கோடு நாற்பது தப்படி தள்ளி, அவர் வீட்டை ஏறிட்டும் பார்க்காமல், வளைந்து போய்க்கொண்டிருந்தது. எஸ்தர் மனுவை நான்காக மடித்தார்.

"ஒண்ணுமில்ல மேடம். வெயிலா இருக்கே, மோர் சாப்பிடறீங்களா?"

சர்வேயர் இரண்டு டம்ளர் குடித்தார்.

எட்டு மாதம் கழித்து இறுதித் திட்டம் வந்தது. தங்கள் மனு அப்படியே ஏற்கப்பட்டுவிட்டது என்று சங்கத்தார் வீடு வீடாகக் கேசரி கொடுத்தார்கள். மெர்லின் பேருந்தில் என்னிடம் இதைச் சொன்னபோது, சங்கக் கட்டடம் போய்விடுமே, அது அவர்களுக்குத் தெரியாதா என்று கேட்டேன். அவளும் அதையே தலைவரிடம் கேட்டிருக்கிறாள்.

"தெரியுமே," என்றாராம் தலைவர். "மனு குடுத்ததுல இப்ப ரெண்டு நூல் ஆயிடுச்சு. பீரோவை ரெண்டு நூல் தள்ளிப் போட்டாச்சு."

எங்கள் வீட்டுக்கு எந்த அரசாங்கத் தாள் வந்தாலும் நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். அதனால், கேட்டதைச் சரிபார்க்காமல் எழுத எனக்குப் பயம். போன திங்கட்கிழமை விடுப்பு எடுத்து அந்த நகரமைப்பு அலுவலகத்துக்குப் போனேன். வரைபடம் சுவரில்தான் இருந்தது. மெர்லின் வீட்டின் சர்வே எண்ணை மூன்று தடவை தேடிப் பார்த்தேன். அதன் மேல் ஒரு கோடும் இல்லை. மைதானத்தைச் சுற்றி ஒரு சாலை, பிரதான சாலையில் தொடங்கி அதிலேயே வந்து முடிந்தது. உள்வட்டச் சாலை என்று பெயர் போட்டிருந்தது. நூறடி, பொதுமக்கள் கோரிக்கையின்படி அகலப்படுத்தப்பட்டது என்று குறிப்பும் இருந்தது.

எல்லாம் சரியாக இருந்தது. ஒன்றுதான் பாக்கி. கைப்பையிலிருந்து பூக்கட்டும் நூலை எடுத்துக் கோட்டின் மேல் வைத்தேன். கிளார்க் தன் இடத்திலிருந்து மெதுவாக எழுந்தார்.

"நீங்களும் முல்லை நகரா?"

இல்லை என்று சொன்னேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. ஆனாலும் வந்த வேலையை முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். தலைவர் சொன்னதுபோல் அது இரண்டு நூல் இல்லை. ஒன்றே முக்கால்தான்.